பக்கவிளைவுகளைக் காலத்தோடு சேர்த்து அளவிடுதல்: மருத்துவச் சோதனைத் தரவுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு மருந்தின் சோதனை அறிக்கையில் பக்கவிளைவுகளுக்கான பகுதி பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். இடப்பக்கத்தில் பாதிப்பின் பெயர் இருக்கும். அதற்கு எதிரே, மருந்து பெற்ற குழுவிலும் போலி மருந்து பெற்ற குழுவிலும் எத்தனை பேருக்கு அது ஏற்பட்டது என்ற எண்ணிக்கையும் சதவீதமும் இருக்கும். அந்தப் பாதிப்பு முதல் வாரத்திலேயே வந்ததா, ஓராண்டு கழித்து வந்ததா, இரண்டு நாளில் விலகியதா, மாதக்கணக்கில் நீடித்ததா, திரும்பத் திரும்ப வந்ததா என்பவற்றை அந்த அட்டவணையிலிருந்து அறிய முடியாது. மருந்தைத் தொடங்கப்போகும் நோயாளி மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். தரவில் அவற்றுக்கான விடை இருந்தும், சுருக்கும்போது நாம் அதை இழந்துவிடுகிறோம்.

சோதனைத் தரவைக் கையாளும் புள்ளியியலாளர்களுக்காகவும், ஆய்வுக் கட்டுரைகளைத் தாமே எடைபோட்டுப் படிக்க விரும்பும் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விளக்கத்துக்குத் துணையாக ஓர் உண்மையான சோதனையை எடுத்துக்கொள்கிறேன். மெர்க் நிறுவனத்தின் ரோஃபெகாக்சிப் என்ற வலிநிவாரணி, வயாக்ஸ் என்ற வணிகப் பெயரில் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2004 செப்டம்பர் 30 அன்று உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது ‘அப்ரூவ்’ என்ற சோதனை. பெருங்குடலில் அடினோமா என்ற, பின்னர் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகள் மீண்டும் தோன்றுவதை இம்மருந்து தடுக்குமா என்று அறிய, 2586 பேரிடம் நாளொன்றுக்கு 25 மி.கி. மருந்தையும் போலி மருந்தையும் ஒப்பிட்டு அது நடத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரத்த உறைவு நிகழ்வுகளைப் பற்றி அச்சோதனை என்ன சொன்னது என்ற விவாதத்தின் பெரும்பகுதி, காலத்தை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள் என்பதையே சுற்றி நடந்தது.

படி 1: கேள்வியையும் இடரின் கால வடிவத்தையும் முதலில் தீர்மானியுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன், இந்தப் பாதிப்பு உடலில் எப்படி உண்டாகக்கூடும் என்று மருந்தியல் தெரிந்தவருடன் உட்கார்ந்து பேசுங்கள். க்ளோசபின் உட்கொள்பவர்களுக்கு வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும் இடர் முதல் சில மாதங்களில் மிகுதி. தொடக்கத்தில் அடுத்தடுத்தும் பின்னர் இடைவெளி விட்டும் இரத்தப் பரிசோதனை செய்யும் வழக்கம் அதனால்தான் உருவானது. கார்பமசெபின் தரும் கடுமையான தோல் எதிர்வினைகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் தெரிந்துவிடும். ஓபியாய்டு மருந்துகளால் வரும் குமட்டல் உடல் பழகப் பழகக் குறைகிறது. மலச்சிக்கல் அப்படிக் குறைவதில்லை. ஆக்சாலிபிளாட்டினால் ஏற்படும் நரம்புப் பாதிப்போ மொத்த மருந்தளவு கூடக் கூட வளர்கிறது; மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மோசமாகலாம்.

இவை ஒவ்வொன்றிலும் இடர் வீதத்தின் வடிவம் வேறு. இடர் வீதம் என்பது, ஒரு குறிப்பிட்ட நாள் வரை அந்தப் பாதிப்பு வராதவர்களிடையே, அதை அடுத்த சிறு கால இடைவெளியில் அது புதிதாக நேரும் வேகம். தொடக்கத்தில் உயர்ந்து பின் தாழ்வது, மாறாமல் இருப்பது, மெல்ல ஏறுவது என்ற மூன்றில் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை எழுத்தில் வைத்துவிட்டால், பின்னர் தரவைப் பார்த்துவிட்டு வடிவத்தை வசதிக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து குறையும்.

கேள்வியையும் அதே கவனத்தோடு பிரித்துப் பாருங்கள். “மருந்தை உட்கொண்டிருக்கும் காலத்தில் இடர் எவ்வளவு?” என்பது ஒரு கேள்வி. “மருந்தைத் தொடங்கியவருக்கு, இடையில் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், மூன்றாண்டுகளுக்குள் இடர் எவ்வளவு?” என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை வேறாக இருக்கலாம். மருந்து விதிகளை நாடுகளிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பு 2019இல் வெளியிட்ட, ஈ9 வழிகாட்டுதலின் பிற்சேர்க்கை இந்தப் பிரிவினையைத் தெளிவாக எழுதச் சொல்கிறது. மருந்தின் பலனைக் குறித்து அதைக் கவனமாக எழுதும் பலர், பாதிப்பைக் குறித்து எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அது அதிகம் தேவைப்படுவது பாதிப்புகளுக்குத்தான்.

படி 2: தேதிகளையும் எண்ணும் எல்லையையும் உறுதிசெய்யுங்கள்

ஒவ்வொருவருக்கும் குழு ஒதுக்கப்பட்ட நாள், முதல் மருந்தளவு, கடைசி மருந்தளவு, இடையில் நிறுத்திய நாட்கள், கண்காணிப்பின் கடைசி நாள், விலகியதற்கான காரணம் ஆகியவை வேண்டும். ஒவ்வொரு பாதிப்புக்கும் தொடக்க நாள், முடிவு நாள், தீவிரத் தரம், அத்தரம் மாறிய நாட்கள் ஆகியவை வேண்டும். பாதிப்பின் பெயர்கள் மெட்ரா என்ற மருத்துவச் சொல் அகராதியின்படி குறியிடப்பட்டிருக்கும். ஐந்து அடுக்குகள் கொண்ட அந்த அகராதியில் எந்த அடுக்கில் எண்ணப்போகிறோம் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். மிகக் கீழ் அடுக்கில் எண்ணினால் ஒரே பாதிப்பு பல பெயர்களில் சிதறும். மிக மேல் அடுக்கில் எண்ணினால் தொடர்பற்றவை ஒன்றாகக் கலந்துவிடும். மாதமும் ஆண்டும் மட்டும் பதிவான தேதிகளை நிரப்பும் விதி, இரு குழுக்களுக்கும் ஒன்றாகவும், எந்தக் குழு எது என்று தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

எண்ணும் எல்லையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்ரூவ் சோதனையின் முதன்மைப் பகுப்பாய்வு, மருந்தை உட்கொண்டிருந்த காலத்திலும் நிறுத்திய பின் 14 நாட்களுக்குள்ளும் நேர்ந்த நிகழ்வுகளை மட்டுமே எண்ணியது. இரத்தத்திலிருந்து மருந்து நீங்கியதும் இடரும் நீங்கிவிடும் என்று எண்ணினால் இது நியாயமான எல்லை. இரத்தக் குழாயில் ஏற்பட்ட மாற்றம் மருந்துக்குப் பிறகும் தங்குமானால், 15ஆம் நாள் வரும் மாரடைப்பு கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். இதே மருந்தின் முந்தைய சோதனையான ‘விகர்’, 8000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2000இல் வெளியானது. அதில் இதய நிகழ்வுகளை எண்ணுவதற்கான கடைசி நாள், இரைப்பை, குடல் நிகழ்வுகளுக்கான கடைசி நாளைவிட முன்னதாக வைக்கப்பட்டிருந்தது. அதனால் ரோஃபெகாக்சிப் குழுவில் நேர்ந்த மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் இடம்பெறவில்லை. 2005 டிசம்பரில், அக்கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியர்கள் இதைக் குறித்துத் தங்கள் கவலையை அச்சிட்டார்கள். ஆகவே, எல்லா வகை நிகழ்வுகளுக்கும் ஒரே கடைசி நாளை வையுங்கள். மருந்து நிறுத்திய பின் ஒரு குறுகிய எல்லை, ஒரு நீண்ட எல்லை, கண்காணிப்பு முடியும் வரை என மூன்று எல்லைகளிலும் கணக்கிடுவதாகத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

படி 3: எண்ணிக்கையிலிருந்து வீதத்துக்குச் செல்லுங்கள்

அப்ரூவ் சோதனையில் ரோஃபெகாக்சிப் பெற்ற 1287 பேரில் 46 பேருக்கும், போலி மருந்து பெற்ற 1299 பேரில் 26 பேருக்கும் உறுதிசெய்யப்பட்ட இரத்த உறைவு நிகழ்வு ஏற்பட்டது. தலைக்கணக்கில் பார்த்தால் 3.6 சதவீதமும் 2.0 சதவீதமும் ஆகும், விகிதம் 1.8க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இரு குழுக்களும் ஒரே அளவு காலம் கண்காணிக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளைக் கூட்டினால், முதல் குழுவின் மொத்தக் காலம் 3059 நபர்-ஆண்டுகள், இரண்டாவதன் காலம் 3327 நபர்-ஆண்டுகள். மருந்துக் குழுவில் ஒருவருக்குச் சராசரியாக 2.4 ஆண்டுகளுக்குக் குறைவாகவும், மற்றதில் 2.5 ஆண்டுகளுக்கு மேலும் கிடைத்திருக்கின்றன. காலத்தால் வகுத்தால் 100 நபர்-ஆண்டுகளுக்கு 1.50 நிகழ்வுகளும் 0.78 நிகழ்வுகளும் கிடைக்கும், விகிதம் 1.92. சீக்கிரம் விலகிய குழுவின் இடரைத் தலைக்கணக்கு எப்படிக் குறைத்துக் காட்டுகிறது என்பதை இங்கேயே காணலாம்.

இதன் நம்பிக்கை இடைவெளியை, அதாவது தரவோடு பொருந்தும் உண்மை மதிப்புகளின் வரம்பை, கையாலேயே போட்டுப்பாருங்கள். 1/46 உடன் 1/26 ஐக் கூட்டினால் 0.0602 வரும், அதன் வர்க்கமூலம் 0.245, அதை 1.96 ஆல் பெருக்கினால் 0.481, இதன் அடுக்குக்குறி மதிப்பு (e-க்கு 0.481 என்ற அடுக்கு) 1.62. விகிதத்தை 1.62 ஆல் வகுத்தால் 1.19, பெருக்கினால் 3.11. கட்டுரையில் அச்சான 95 சதவீத இடைவெளியும் 1.19 முதல் 3.11 வரைதான். வீதங்களின் வேறுபாட்டையும் கட்டாயம் எழுதுங்கள்: 1000 பேர் ஓராண்டு இந்த மருந்தை உட்கொண்டால் கூடுதலாக ஏறத்தாழ 7 பேருக்கு நிகழ்வு நேரும், இதன் 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 2 முதல் 12.5 வரை அமையும். விகிதத்தை மட்டும் படிப்பவருக்கு இந்த அளவு புலப்படாது.

நபர்-ஆண்டு வீதத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. 100 பேரை ஓராண்டு கண்காணிப்பதும், 50 பேரை இரண்டாண்டு கண்காணிப்பதும் அதற்கு ஒன்றே. இடர் வீதம் காலத்தில் மாறாமல் இருந்தால்தான் அது சரி. முதல் வாரங்களில் மட்டும் வரும் தோல் எதிர்வினைக்கு நபர்-ஆண்டு வீதம் போட்டால், கண்காணிப்பை நீட்டிக்க நீட்டிக்க மருந்து பாதுகாப்பானதாகத் தோன்றிக்கொண்டே போகும்.

ஒரு பாதிப்பு யாருக்குமே ஏற்படாவிட்டால் இடர் சுழியம் என்று எழுதிவிடக் கூடாது. n பேரில் ஒருவருக்கும் நேராதபோது, 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்லக்கூடிய மேல் எல்லை ஏறத்தாழ 3/n. நீண்டகால மருந்துகளுக்காக 1994இல் வகுக்கப்பட்ட ஐசிஎச் ஈ1 வழிகாட்டுதல், மொத்தம் 1500 பேரையும், ஆறு மாதங்களுக்கு 300 முதல் 600 பேரையும், ஓராண்டுக்குக் குறைந்தது 100 பேரையும் கேட்கிறது. அந்த 100 பேரில் ஒருவருக்கும் நேராத பாதிப்பின் உண்மையான ஓராண்டு இடர் 3 சதவீதம் வரை இருக்கலாம்.

படி 4: திரண்ட நிகழ்வுக் கோட்டை வரையுங்கள்

பாதிப்பின்றி இருப்போரின் பங்கைக் காலத்துக்கு எதிரே காட்டும் காப்லான்-மையர் முறையில் கோடு வரைந்து, அதை 1இலிருந்து கழித்துப் பாதிப்பின் நிகழ்தகவு என்று காட்டுவது பரவலான பழக்கம். பாதிப்பு வருவதற்கு முன்பே ஒருவர் இறந்துவிட்டால் அவரை அந்த முறை சென்சார் செய்கிறது, அதாவது அந்த நாளோடு கண்காணிப்பு முடிந்தவராக விலக்குகிறது. இதன் மூலம், அவர் இன்னும் இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே பாதிப்புக்கு உள்ளாகியிருப்பார் என்று கொள்கிறது. இதன் விளைவைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கு போதும். 100 பேரில் முதல் மாதம் 50 பேர் நோயால் இறக்கிறார்கள். இரண்டாம் மாதம், எஞ்சிய 50 பேரில் 10 பேருக்குப் பாதிப்பு வருகிறது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் 10 சதவீதம். காப்லான்-மையர் வழியில் கிடைப்பது 20 சதவீதம்.

மரணம் இங்கே ஒரு போட்டி நிகழ்வு: அது முந்திக்கொண்டால் பாதிப்பு நேரவே இடமில்லை. அதைக் கணக்கில் சேர்க்கும் ஆலன்-யோஹான்சன் மதிப்பீட்டை இயல்பான தேர்வாகக் கொள்ளுங்கள். புற்றுநோய்ச் சோதனைகளில் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகவே இருக்கும். நோய் முற்றியதால் மருந்தை நிறுத்துவதும், மருந்துக்காலப் பாதிப்பே கேள்வியாக இருக்கும்போது, போட்டி நிகழ்வாகிவிடும். அதைச் சாதாரண சென்சாரிங்காகக் கருதுவது பொருந்தாது. கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு காலப் புள்ளியிலும் இன்னும் கண்காணிப்பில் இருப்போரின் எண்ணிக்கையை அச்சிடுங்கள். வலப்பக்க வால் சிலரை மட்டுமே நம்பி நிற்பது அப்போதுதான் வாசகருக்குத் தெரியும்.

படி 5: குழுக்களை ஒப்பிடும்போது, விகிதம் காலத்தில் மாறுகிறதா என்று கேளுங்கள்

காக்ஸ் 1972இல் முன்வைத்த மாதிரி, இரு குழுக்களின் இடர் வீதங்களுக்கிடையே உள்ள விகிதம் காலம் முழுவதும் ஒன்றே என்று கொள்கிறது. பக்கவிளைவுகளில் இந்த அனுமானம் அடிக்கடி முறிகிறது. அதைச் சோதிக்க, ஷோன்ஃபெல்ட் எச்சங்களை (ஒவ்வொரு நிகழ்விலும் மாதிரி எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை) காலத்துக்கு எதிரே வரைவார்கள். அல்லது சிகிச்சையும் காலமும் சேர்ந்த ஒரு பெருக்கற்கூறை மாதிரியில் சேர்ப்பார்கள். எந்தக் காலம் என்ற கேள்வி அங்கே எழுகிறது: நேர்கோட்டுக் காலமா, மடக்கை (லாகரிதம்) எடுத்த காலமா?

அப்ரூவ் கட்டுரை 2005 மார்ச்சில் வெளியானபோது, கூடுதல் இடர் 18 மாதங்களுக்குப் பிறகே வெளிப்பட்டது என்று அது கூறியது. விகிதம் மாறுகிறது என்பதற்கான சோதனையின் பி-மதிப்பாக, அதாவது உண்மையில் மாற்றம் இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிட அதிக வேறுபாடு தெரிவதற்கான நிகழ்தகவாக, 0.01 தரப்பட்டிருந்தது. 2006 ஜூலையில் அதற்குத் திருத்தம் வெளியானது. மடக்கைக் காலத்தைப் பயன்படுத்தியதாக முறைப் பகுதியில் எழுதியிருந்தும், அந்த 0.01 நேர்கோட்டுக் காலத்தில் கிடைத்த எண்; மடக்கைக் காலத்தில் கிடைத்தது 0.07. அதனால் 18 மாதம் குறித்த கூற்றுகள் கட்டுரையிலிருந்து நீக்கப்பட்டன. குறுகிய காலம் மட்டும் உட்கொண்டவர்களுக்கு ஆபத்தில்லை என்ற வாதம் அந்தக் கூற்றின்மேல்தான் நின்றிருந்தது. மருந்தை உட்கொண்ட ஏராளமானோருக்குப் பொருட்படும் ஒரு முடிவு, காலத்துக்கு மடக்கை எடுப்பதா வேண்டாமா என்பதைச் சார்ந்திருந்தது.

இதிலிருந்து செய்முறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. கால அளவுகோலை முன்கூட்டியே ஒன்றாகத் தேர்ந்து எழுதுங்கள். மற்ற அளவுகோல்களிலும் சோதித்து எல்லாவற்றையும் வெளியிடுங்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் ‘சர்வைவல்’ தொகுப்பில் இச்சோதனைக்கான செயற்கூறு, வேறு கட்டளை தராவிட்டால், காப்லான்-மையர் மதிப்பின் அடிப்படையில் காலத்தை மாற்றிக்கொள்கிறது. நேர்கோட்டுக் காலமோ மடக்கைக் காலமோ வேண்டுமானால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இயல்பு அமைப்பை அறியாமல் பயன்படுத்துபவர், தாம் எழுதிய திட்டத்துக்கு மாறான ஒன்றைச் செய்துகொண்டிருக்கக்கூடும்.

மேலும், இரு கோடுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் இடத்தைக் கண்ணால் பார்த்து, அங்கேதான் இடர் தொடங்குகிறது என்று எழுதாதீர்கள். திரண்ட கோடுகள், இடர் விகிதம் முதல் நாளிலிருந்தே மாறாமல் இருந்தாலும், நிகழ்வுகள் சேரச் சேரத்தான் பிரிந்து தெரியும். காலத்தைச் சில துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் தனி விகிதம் காணும் துண்டு-அடுக்குக்குறி மாதிரி நல்ல கருவி; நபர்-காலத்தின் மடக்கையை ஈடுகூறாக வைத்து, பாய்சான் தொடர்புப் போக்கின் மூலம் அதை எளிதாகப் பொருத்தலாம். ஆனால் அப்ரூவில் மொத்தம் 72 நிகழ்வுகளே இருந்தன. மூன்று துண்டுகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 24 வரும். ஒரு துண்டில் இரு குழுக்களிலும் சமமாக 12, 12 என்று விழுந்து, கண்காணித்த காலமும் சமமாக இருந்தது என்று வைத்துக்கொண்டால், விகிதம் 1 ஆகவும் அதன் 95 சதவீத இடைவெளி 0.45 முதல் 2.2 வரையும் அமையும். இடர் இரட்டிப்பாகும் சாத்தியத்தைக்கூட அத்தகைய துண்டு விலக்கவில்லை. ‘தொடக்க மாதங்களில் வேறுபாடு இல்லை’ என்று எழுதக் கை வரும்போதெல்லாம் இந்த இடைவெளியைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

விகிதம் காலத்தில் மாறுவது உறுதியானால், ஒரே இடர் விகிதத்தை அறிவிப்பதை விட்டுவிட்டு, 3, 12, 36 மாதங்கள் போன்ற புள்ளிகளில் திரண்ட நிகழ்வுகளின் வேறுபாட்டையோ, குறிப்பிட்ட காலத்துக்குள் பாதிப்பின்றிக் கழிந்த சராசரி நாட்களின் வேறுபாட்டையோ கொடுங்கள். நோயாளியிடம் பேச மருத்துவருக்கு அவைதான் பயன்படும். போட்டி நிகழ்வு இருக்கும்போது காரணவழி இடர் விகிதம், ஃபைன்-கிரே விகிதம் என இரண்டு வகை உண்டு. முதலாவது, பாதிப்பு உண்டாகும் வேகத்தை மருந்து எப்படி மாற்றுகிறது என்று காட்டும். இரண்டாவது, இறுதியில் எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்பதோடு தொடர்புடையது. ஒரு மருந்து மரணத்தை விரைவுபடுத்தினாலே ஃபைன்-கிரே விகிதம் பாதிப்பைக் குறைப்பதுபோலக் காட்டும். ஆகவே பாதுகாப்பு ஆய்வில் அதைத் தனியாக அறிவிக்கக் கூடாது.

படி 6: மீண்டும் வரும் பாதிப்புகளையும் நீடிக்கும் பாதிப்புகளையும் தனியாக மாதிரியாக்குங்கள்

முதல் நிகழ்வு வரை மட்டும் எண்ணினால், ஒருமுறை தலைவலி வந்தவரும் மாதந்தோறும் வருபவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். சராசரியாக ஒருவருக்கு இதுவரை எத்தனை நிகழ்வுகள் என்று காட்டும் சராசரித் திரள் கோட்டை வரையுங்கள். ஒப்பீட்டுக்கு ஆண்டர்சன்-கில் மாதிரியையோ எதிர்மறை ஈருறுப்புத் தொடர்புப் போக்கையோ பயன்படுத்தலாம். ஒரே நபரின் நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், ஆண்டர்சன்-கில் மாதிரியில் நபர் வாரியாகத் திருத்திய திட்டப்பிழை கட்டாயம்.

தீவிரத்தைப் பற்றியும் இதே சிந்தனை தேவை. புற்றுநோய்ச் சோதனைகளில் சிடிசிஏஈ என்ற தீவிர அளவுகோலின்படி 1 (லேசானது) முதல் 5 (மரணம்) வரை தரமிட்டு, ஒருவருக்கு நேர்ந்த உச்சத் தரத்தை மட்டும் அட்டவணையில் போடுகிறார்கள். தினமும் விழுங்கும் மாத்திரையால் எட்டு மாதங்கள் 2ஆம் தர வயிற்றுப்போக்கோடு வாழ்பவர், மூன்று நாள் மட்டும் 3ஆம் தரத்தை அனுபவித்தவரைவிட நலமாக இருக்கிறார் என்று அந்த அட்டவணை சொல்லும். இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பட்ட பழைய மருந்துகளுக்காக வளர்ந்த பழக்கம் இது. ஆண்டுக்கணக்கில் தொடரும் மாத்திரைகளுக்கு இது நோயாளிக்கு அநீதி இழைக்கிறது என்றே கருதுகிறேன். ஒவ்வொரு வாரமும் எத்தனை சதவீதத்தினர் எந்தத் தரத்தில் இருக்கிறார்கள் என்று அடுக்குப் படமாக வரையுங்கள். தரங்களுக்கிடையிலான நகர்வைப் பல்நிலை மாதிரியாகவோ, வரிசைத்தர விளைவுக்கான கலப்பு மாதிரியாகவோ பொருத்துங்கள். நோயாளிகள் தாமே பதிவிடும் விவரங்கள் இருந்தால், விடுபட்ட வாரங்கள் எதேச்சையானவையா என்று விசாரியுங்கள். மிகவும் வாடியவர்கள்தான் பெரும்பாலும் படிவத்தை நிரப்பாமல் விடுகிறார்கள்.

படி 7: மருந்தளவின் வரலாற்றைக் கவனியுங்கள்

பக்கவிளைவு வந்ததும் அளவைக் குறைப்பார்கள். ஆகவே, அதிக அளவில் நீண்ட நாள் நீடிப்பவர்கள் பாதிப்பைத் தாங்கக்கூடியவர்களாகத் தேர்ந்து நிற்பவர்கள். இறுதி மொத்த அளவை வைத்து மக்களைப் பிரித்து ஒப்பிட்டால், அதிக அளவே பாதுகாப்பானது என்ற தவறான முடிவு கிடைக்கும். மருந்தளவைக் காலத்தோடு மாறும் காரணியாக, அந்த நாள் வரை தெரிந்ததை மட்டும் கொண்டு சேர்க்க வேண்டும். முந்தைய பாதிப்பு அளவையும் பின்வரும் பாதிப்பையும் ஒருங்கே பாதிக்குமானால், நிகழ்தகவின் தலைகீழ் எடைகளைப் பயன்படுத்தும் விளிம்புநிலைக் கட்டமைப்பு மாதிரிகள் தேவைப்படும்.

படி 8: நூற்றுக்கணக்கான பெயர்களை ஒருசேரப் பார்க்கும்போது

ஒரு பெரிய சோதனையில் பதிவாகும் பாதிப்புப் பெயர்கள் பல நூறு. ஒவ்வொன்றுக்கும் பி-மதிப்பு போட்டால் எதேச்சையாகவே சில எச்சரிக்கைகள் எழும். திருத்தம் கடுமையானால் உண்மையான எச்சரிக்கை அமுங்கும். ஒரே உறுப்பு மண்டலத்தைச் சேர்ந்த பாதிப்புகள் ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்க இடம்தரும் படிநிலை பேயீசிய மாதிரி, 2004இல் பெரி என்ற ஒரே பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் முன்வைத்தது, இதற்கு நல்ல வழி. முன்பே ஐயத்துக்குரியவை என்று அறிந்த பாதிப்புகளை மட்டும் இந்தக் கூட்டத்தில் கலக்காமல், தனியாக முழுப் பகுப்பாய்வுக்கு வையுங்கள்.

படி 9: அறிவித்தலும் மருந்துக்குப் பிந்தைய கண்காணிப்பும்

அறிக்கையில் கேள்வி, சுழிய நாள் (காலத்தை எண்ணத் தொடங்கும் நாள்), எண்ணும் எல்லை, போட்டி நிகழ்வுகள், கால அளவுகோல் ஆகியவை முறைப் பகுதியிலேயே இடம்பெற வேண்டும். திட்டத்திலிருந்து விலகிய இடங்களைக் காரணத்தோடு குறிப்பிட வேண்டும். சோதனை அறிக்கைகளுக்கான கான்சார்ட் நெறிகளில், பாதிப்புகளை அறிவிப்பதற்கான வழிகாட்டுதல் 2004இல் வெளியாகி, பின்னர் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. எழுதத் தொடங்கும் முன்பே அதன் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கண்காணிக்கச் சோதனைத் திட்டத்திலேயே பணமும் ஆளும் ஒதுக்க வலியுறுத்துங்கள், ஏனெனில் தரவு இல்லாத காலத்தை எந்த மாதிரியும் நிரப்பித் தராது. அப்ரூவில் பங்கேற்றவர்களை மருந்துக்குப் பிறகும் பின்தொடர்ந்த இறுதிப் பகுப்பாய்வு 2008இல் வெளியானது. பெரும்பாலானோரை மருந்து நிறுத்திய பின் குறைந்தது ஓராண்டு கண்காணித்த அந்தத் தரவில், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் குழாய்க் காரணங்களாலான மரணம் முதலியவை சேர்ந்த கூட்டு முடிவு ரோஃபெகாக்சிப் குழுவில் 59 பேருக்கும் மற்றக் குழுவில் 34 பேருக்கும் நேர்ந்திருந்தது. இடர் விகிதம் 1.79, இடைவெளி 1.17 முதல் 2.73 வரை. 14 நாள் எல்லைக்கு வெளியே நேர்ந்தவற்றையும் சேர்த்து எண்ணிய பிறகு கிடைத்த எண்கள் இவை.